பச்சை டிக்

ஜூலை 8, செவ்வாய்
விடாத மழை. கொல்கத்தாவில், எங்கள் ஜாதவ்பூர் முழுக்கக் கணுக்கால் தண்ணீர்.

டைரி எழுதுமளவுக்கு என் நாள் பெரிதில்லை, மன்னிக்கணும். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கியதே நான்தான் முதல். ஆனால் ஆபீஸில் எதையும் சொல்ல வாய் வராது.

நான் டெஸ்டர், வெப்சைட்டில் குறை தேடுவது வேலை. இப்போது ஒரு ஆஸ்பத்திரிக்குப் புது வெப்சைட், வெள்ளியன்று அவர்களுக்கு டெமோ. கீழ்வீட்டு மௌசுமிதி, அதாவது மௌசுமி அக்கா, அவருக்குக் கண் தெரியாது. ஃபோன்தான் எல்லாம் வாசித்துச் சொல்லும். அவரிடம் சைட்டைத் திறந்து கொடுத்தேன். ஃபோன்: "படம். படம். பட்டன். பட்டன்."

"எந்தப் பட்டன் ரே, பொண்ணே? டாக்டர் வருவாரா, போலீஸ் வருமா?" சிரித்தார். பிறகு மெல்ல: "லேடி டாக்டரைப் பார்க்கணும். என் தம்பியை புக் பண்ணச் சொன்னா எதுக்குன்னு கேப்பான்."

ஜூலை 9, புதன்
சைட்டை எழுதிய டெவலப்பர் கார்த்தி அண்ணா, திருச்சிக்காரர். சோதிக்கும் சாஃப்ட்வேர் குறை காட்டாமலிருக்க, எல்லாப் படத்துக்கும் "படம்", எல்லாப் பட்டனுக்கும் "பட்டன்" என்றே பெயர் நிரப்பியிருக்கிறார். ஏதோ ஒரு பெயர் இருந்தாலே அது பச்சை டிக் போட்டுவிடும். "பச்சை டிக் வந்துருச்சுல்ல? விடும்மா."

மதியம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் படித்தேன். அரசோ தனியாரோ, சேவை எல்லோருக்கும் எட்டும்படி இருக்கணும். பச்சை டிக் பற்றி ஒரு வரி இல்லை.

வாங்க: சோப்பு, குடைக் கம்பி.

ஜூலை 11, வெள்ளி
வெயில்!

மேனேஜர் அனிர்பான்தா (பெங்காலியில் அண்ணனுக்கு 'தாதா', சுருக்கமாக 'தா') டெமோ முடித்து, "கேள்வி?" என்றார். எழுந்தேன். புரொஜெக்டரை அணைத்தேன். வாசிக்கும் குரலை மட்டும் ஸ்பீக்கரில் விட்டு, ஆஸ்பத்திரி மேடத்திடம் சொன்னேன்:

"இப்ப ஒரு டாக்டரை புக் பண்ணுங்க, மேடம்."

"பட்டன். பட்டன். பட்டன்."

யாரோ இருமினார்கள். ஆஸ்பத்திரி மேடம்: "கேஸ் போட்டா மாட்டுவோமா?"

"மாட்டலாம் மேடம். மாட்டலேன்னாலும் பேஷண்ட் வெளியதான் நிக்கணும்."

என் குரல்தான்! சரி செய்யாமல் திறக்கக் கூடாது என்று மேடமே சொல்லிவிட்டார்.

கார்த்தி அண்ணா: "வாயே இல்லாத புள்ளைன்னுல்ல நெனச்சேன்!" உடனே உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாகப் பெயர் மாற்றினார்.

ஜூலை 18, வெள்ளி
சைட் திறந்தாச்சு. செருப்பு மாட்டும்போது கீழிருந்து கூச்சல்: "ஹோயே கேச்சே! முடிஞ்சது, நானே புக் பண்ணிட்டேன்!" தம்பி அடுத்த அறையில் கிரிக்கெட்டில். இறங்கிப் போனதும் மௌசுமிதி என் வாயில் சந்தேஷ் இனிப்பைத் திணித்தார்.

ஆபீஸ். அனிர்பான்தா பாராட்டு. "வேற ஏதாவது?"

எப்போதும் இல்லை என்பேன். இன்று: "அடுத்த சைட்டை டெஸ்ட் பண்ண மௌசுமிதியையும் சேத்துக்கணும், தாதா. சும்மா இல்ல. சம்பளத்துக்கு."