திருச்சிக்குப் போன நான்கு பாலங்கள்

கராமா, துபாய்
11-2-1977, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஜலஜாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன், நீயும் இருவரும் நலம் என்று ஒரு வரி எழுதுவாய். இந்தத் தடவை அதைக் கேட்காமல் விடுகிறேன், ஏன் என்று கீழே படித்தால் தெரியும். முழுக்கப் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

ஜனவரியில் நீ அனுப்பிய இரண்டாவது கவர் வந்து சேர்ந்தது, பனியில் எடுத்த ஐந்து படங்களும் மடங்காமல் வந்தன. நவம்பரில் வந்தவை எட்டு, ஆகப் பதின்மூன்று பாலம் பார்த்தாயிற்று. எனக்கு முதலில் ஒன்றுமே பிடிபடவில்லை. ஆற்றுக்கு மேலே மர வீட்டைத் தூக்கி வைத்த மாதிரி இரண்டு பக்கமும் பலகைச் சுவர், மேலே கூரை, உள்ளே இருட்டாக ஒரு வழி, பாலத்துக்கு எதற்குக் கூரை, மழைக்கு ஒதுங்கவா என்று அப்பாவிடம் கேட்டேன். மனுஷாளுக்கு இல்லை ஜெயா, மரத்துக்கு, நனைஞ்சு நனைஞ்சு காய்ஞ்சா உத்திரம் உளுத்துப்போகும், கூரை போனா வேற போட்டுக்கலாம் என்றார். சைட்டிலிருந்து வந்த அலுப்பில் சாப்பிடக்கூட உட்காராமல் அரை மணி நேரம் உன் படங்களைப் பற்றியே பேசினார். ஒவ்வொன்றின் பின்னாலும் பாலத்தின் பெயர், கட்டின வருஷம், நீ எடுத்த தேதி என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாயே, அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தக் காலத்தில் சக்கரமில்லாத பனிச் சறுக்கு வண்டி போவதற்காகப் பாலத்துக்குள்ளே ஆள் வைத்துப் பனியை வாரிக் கொட்டுவார்களாம் என்று எழுதியிருந்தாய், அதைப் படித்துச் சிரித்தார், அவர் சிரித்துப் பல நாளாகிவிட்டது. அவருக்குக் கட்டுகிற பாலம், உனக்குப் படம் பிடிக்கிற பாலம், நடுவில் எனக்குப் பாலம் என்றாலே அலுத்துவிட்டது.

கீழ் வீட்டு ஜுலைஹா பீவியை உனக்குத் தெரியாது, நீ கல்யாணமாகிப் போன பிறகு குடி வந்தவர். கீழக்கரைக்காரர், வீட்டுக்காரர் தேராவில் துணிக்கடை வைத்திருக்கிறார். யார் வந்தாலும் நான் உன் ஆல்பத்தை எடுத்து நீட்டிவிடுவேன், அவரும் பார்த்தார். பாலமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, புள்ள எங்கக்கா, மாப்புள எங்க, ஆளே இல்லாம எதுக்கு இத்தன படம் என்று கேட்டார். மாப்பிள்ளைதான் படம் எடுக்கிறார், இவள் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க மாட்டேன் என்கிறாள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்புறம் வந்தவர்களிடமும் அதையே சொன்னேன், சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கல்யாணமான நாளிலிருந்து நீ எது அனுப்பினாலும் பாதியைத் திருச்சிக்கு அனுப்புவதுதானே வழக்கம், பிறந்த வீட்டுக்கு மட்டும் அனுப்பினாள் என்று சம்பந்தியம்மா குறைப்பட்டுவிடக் கூடாதே என்று. அதேபோல நவம்பர் படங்களில் சிவப்பும் மஞ்சளுமாக இலை உதிர்ந்து கிடந்த நான்கைப் பொறுக்கி அனுப்பினேன். சும்மா அனுப்பியிருந்தாலாவது போகிறது, குழந்தைகள் இருவரும் வாரம் தவறாமல் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பாலம் பார்க்கப் போகிறார்கள், இந்த அந்நியோன்னியம் எப்போதும் இருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியும் வைத்தேன். உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் நீ எந்த இடத்திலும் நாங்கள் போனோம் என்று எழுதவே இல்லை. போனேன், பார்த்தேன், எடுத்தேன் என்றுதான் எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளையை நான்தான் காரில் ஏற்றி உட்கார வைத்திருக்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமை லீவுக்கு வந்த அப்பா, ஆபீஸ் தபால் பெட்டியில் கிடந்தது என்று ஒரு கனத்த கவரைக் கொடுத்தார், என் பெயருக்கு வந்தது என்பதால் அவர் பிரிக்கவில்லை. சனிக்கிழமை காலை அவரைப் புஜைரா சைட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிரித்தேன். நான் அனுப்பிய நான்கு படங்களும் அப்படியே திரும்பி வந்திருந்தன. உங்கள் பெண் ஊர் சுற்றுவது குறித்துச் சந்தோஷம், எங்கள் பையன் ஆகஸ்டு மாதம் சிகாகோவுக்கு மாறிப்போனதிலிருந்து தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறான், இரண்டு முறை கூப்பிட்டும் அவள் வரவில்லை என்று எழுதியிருக்கிறான், பெற்றவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கும் என்று பேசாமல் இருந்தோம், படங்களில் அக்டோபர் என்று போட்டிருக்கிறது, யாரோடு சுற்றுகிறாள் என்று கேட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் உடனே சிகாகோவுக்குப் போகச் சொல்லுங்கள். இவ்வளவுதான் சம்பந்தியம்மாவின் கடிதம். உன் கையால் எழுதின தேதியை நானே கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. ஆறு மாதமாக என்னிடம் மறைத்தாளே, ஊரெல்லாம் நான் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேனே என்று பொங்கிப் பொங்கி வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து நான்கு பக்கம் உனக்கு எழுதினேன். என்னென்ன எழுதினேன் என்று சொல்ல மாட்டேன், கடைசியில் அடுத்த பஸ் பிடித்து சிகாகோவுக்குப் போய்ச் சேர் என்று எழுதி ஒட்டியும் வைத்தேன். இங்கே தபால்காரர் வீட்டுக்கு வருவதும் இல்லை, எடுத்துப் போவதும் இல்லை, எல்லாம் அப்பா கையால்தான் போக வேண்டும். அந்த வாரம் பார்த்து அப்பா சைட் பக்கம் மலையில் நல்ல மழை. வருஷம் பூராவும் காய்ந்து கிடக்கிற ஓடையில் வெள்ளம் வந்து, இவர்கள் போட்டிருந்த மாற்று வழியை அடித்துக்கொண்டு போய்விட்டது, அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவால் வர முடியவில்லை, அதற்கு அடுத்ததும் இல்லை. கடிதம் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. சமைக்கவும் தோன்றாமல் தயிர் சாதத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு, வீட்டில் நானும் அந்தக் கடிதமுமாக இருந்தோம். நாளாக நாளாக ஆத்திரம் போய்விட்டது, அலுப்புதான் மிச்சம். எல்லோரிடமும் சந்தோஷ முகம் காட்டியே நான் ஓய்ந்துபோய்விட்டேன் ஜலஜா, நீ அங்கே அதையே எத்தனை மாதம் செய்திருக்கிறாய் என்று அப்போதுதான் உறைத்தது.

நேற்று அப்பா வந்தார். குளித்துச் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து இரண்டு கடிதத்தையும் முன்னால் வைத்தேன். திருச்சிக் கடிதத்தைப் படித்தார், என்னுடையதையும் பிரித்துப் படித்தார், இதை நான் போஸ்ட் பண்ண மாட்டேன் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு உன் படங்கள் எல்லாவற்றையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பி, மேப் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு அந்தப் பனிப் படங்களைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் பாலத்து வாசல்வரை பனியில் கால்தடம் இருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. ஒரே ஆள் போயிருக்கு, அதே ஆள் திரும்பி வந்திருக்கு, அஞ்சு படத்திலும் அதே பூட்ஸ்தான் என்றார். யாரோடு சுற்றுகிறாள் என்ற கேள்விக்கு அதுதான் பதில் என்று அவர் நினைத்தார். எனக்கு அந்தக் கேள்வியே மறந்துவிட்டது. அவ்வளவு பனியில் மனுஷ வாடையே இல்லாத இடத்தில் என் பெண் தனியாக நடந்து போயிருக்கிறாளே என்று அழுகைதான் வந்தது. அந்த ரோட்டில் பனி தள்ளுகிறார்களா என்று கேட்டு எழுது என்று மட்டும் அப்பா சொன்னார்.

திருச்சிக்கு அவரே பதில் எழுதிவிட்டார், நாலே வரி. நமஸ்காரம், என் மகள் பாலங்களைத் தனியாகத்தான் போய்ப் பார்க்கிறாள், அவள் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவளே எங்களுக்கு எழுதுவாள், அதுவரை நானோ என் மனைவியோ அவளை எங்கும் போகச் சொல்லப் போவதில்லை. முப்பது வருஷத்தில் யாருக்குமே அவர் இப்படி முறுக்கி எழுதி நான் பார்த்ததில்லை. இன்று காலையே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

என்ன நடந்தது என்று நான் கேட்கக் கூடாதாம், நீயாக எழுதட்டும் என்கிறார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, அம்மா கேட்காமல் யார் கேட்பார்கள். மாப்பிள்ளை கை நீட்டினாரா, குடியா, வேறு யாராவது இருக்கிறார்களா, அல்லது ஒன்றுமே இல்லாமல் ஒத்துவரவில்லையா, எதுவானாலும் எழுது, ஒரு வரி போதும். ஒன்றுமே இல்லை, எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினாலும் சரி. உனக்கு ஆஸ்பத்திரி லேப் வேலை இருக்கிறது, அங்கேயே இருப்பதானால் இரு. வந்து கொஞ்ச நாள் இருக்க வேண்டும் போலத் தோன்றினால் பாஸ்போர்ட் விவரத்தை எழுது, அப்பா விசாவுக்குப் பார்ப்பார். ஜன்னலோர அறையில் இருந்த அரிசி மூட்டையையும் தையல் மெஷினையும் ஹாலுக்கு மாற்றிவிட்டேன், நீ வராவிட்டாலும் அது அப்படியே இருக்கட்டும். ஜுலைஹா பீவியிடம் இன்று காலை உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் துருவவில்லை, தனியா காரோட்டிப் போவுதா, தைரியமான புள்ளதான்க்கா என்றார்.

காரில் எப்போதும் ஒரு கம்பளி வைத்துக்கொள். உறைந்த ஆற்றில் காலை வைக்காதே. எந்த ஊருக்குப் போகிறாய் என்று வேலை செய்யும் இடத்தில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. படம் எடுப்பதை நிறுத்திவிடாதே, அப்பா அடுத்த கவருக்குக் காத்திருக்கிறார். இனி உன் படம் எதுவும் இந்த வீட்டு வாசலைத் தாண்டாது. பதிலை அப்பா ஆபீஸ் பெட்டி எண்ணுக்கே எழுது, மறக்காதே.

கடிதத்தை முடிக்கிற இடத்தில் தீர்க்க சுமங்கலியாக இரு என்று எழுதுவேன், நான்கு வருஷமாகக் கை தானாக எழுதிவிடும். இன்றைக்கு அங்கே வந்ததும் பேனா நின்றுவிட்டது. அப்பாவிடம் போய் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். தீர்க்காயுசா இருன்னு எழுது, போதும் என்றார்.

தீர்க்காயுசாக இரு, ஜலஜா.

உன் அம்மா,
ஜெயலட்சுமி