என் பெயரில் ஓடிய ஏழு நிமிடம்

என் அருமை அண்ணாவுக்கு,

அருமை என்று எழுதிவிட்டேன். ஐம்பது வருடப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. அடிக்கவும் மனம் வரவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை முதலிலேயே தெரிந்துகொள். செத்துப்போனவனிடம் என்ன கோபம் என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். உயிரோடு இருந்தவரை கோபப்பட நீ எனக்கு ஒரு காரணமும் கொடுக்கவில்லையே, நான் என்ன செய்ய?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் விங் கமாண்டர் சந்திரசேகரன். விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவன். பனிமலையில் நாலு கட்டில் அகலம்கூட இல்லாத இடத்தில் இறங்கி, குளிரில் விரல் கருகிய சிப்பாய்களை ஏற்றிவந்தவன். அதன் பிறகு பல வருடம் மற்றவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். ஓய்வுபெற்றுச் சேலையூரில் வீடு கட்டிக்கொண்டான். அவனுடைய ஒரே தம்பி கோபி நான், மறைமலை நகரில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். அண்ணன் பைலட் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட நான், ஹெலிகாப்டரில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. கேட்டபோதெல்லாம் "ரூல்ஸ் இல்லடா" என்றாய். ரூல்ஸ் என்றால் உனக்கு அவ்வளவு பக்தி.

எனக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து நீ எனக்கு அண்ணனாக இல்லை, போலீஸாகத்தான் இருந்தாய். என் தொழிற்சாலைக்கு எதிரே இருக்கிற கிளினிக்குக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீயே காரில் கூட்டிப்போவாய். ரிப்போர்ட்டை எனக்கு முன்னால் நீ வாங்கிப் படிப்பாய்.

"பாயசம் குடிச்சியா?"

"ஒரு டம்ளர்தான்ணா."

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

"டாக்டர்கிட்ட மறைக்கிறவனுக்கு வைத்தியமே கிடையாதுடா கோபி."

அந்தக் கிளினிக்கில் என் பெயருக்குக் கொடுத்த மஞ்சள் அட்டை உன் காரிலேயேதான் கிடந்தது. என் கையில் இருந்தால் தொலைத்துவிடுவேன் என்று நீதான் வாங்கி வைத்துக்கொண்டாய்.

இப்போது அந்தப் போன் விஷயத்துக்கு வருகிறேன். கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் இடத்துக்கு ஆட்களைக் கொண்டுபோகும் ஒரு ஹெலிகாப்டர் கம்பெனி உன்னைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டிருந்தது. அடுத்த மாதம் மருத்துவப் பரிசோதனை, அதில் தேறினால் வேலை. நீ பத்து வயது குறைந்தவன்போல் நடமாடிக்கொண்டிருந்தாய். அந்த வாரத்தில்தான் பஸ்ஸில் வரும்போது கிளினிக்கிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"கோபி சாருங்களா? உங்க ட்ரெட்மில் டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்திருக்கு சார். ஹார்ட்ல அடைப்பு இருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. உடனே வரச் சொன்னாங்க."

"நான் ட்ரெட்மில்லே ஏறினதில்லையேம்மா" என்றேன். ஏதோ ஆள் மாறாட்டம் என்று நினைத்து வைத்துவிட்டேன். நேராக உன் வீட்டுக்கு வந்தேன். அண்ணி வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். ஓடாத மெஷினில் ஓடி ஃபெயிலான கதை என்று உன்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

நீயும் சிரித்தாய். பிறகு பஜ்ஜியை எண்ணெய் போகக் காகிதத்தில் ஒற்றியபடி, என்னைப் பார்க்காமலே, "வேற என்ன சொன்னாங்க?" என்று கேட்டாய். "உடனே வரணுமாம்" என்றேன். "ஃப்ராடு கால்டா. பயமுறுத்தி ஆஸ்பத்திரியில படுக்க வச்சிடுவானுங்க. போனைக் கொடு" என்று வாங்கி, உன் விரலாலேயே அந்த நம்பரை பிளாக் செய்தாய்.

பதினோரு நாள் கழித்து, காலை ஆறு மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலப் படியில் நீ உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. பனிமலையில் எத்தனையோ பேரைத் தூக்கி வந்த உன்னை நாலு போர்ட்டர்கள் தூக்கிவந்து ஆட்டோவில் வைத்தார்கள்.

உன் பிள்ளைகள் என்று நீ சொல்வாயே, உன்னிடம் கற்ற பைலட்டுகள், அவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். பிரபு என்று ஒருவர், இப்போது அவரே பயிற்சியாளராம், துக்கம் கேட்க வந்த இடத்தில் அண்ணியிடம் இதைச் சொன்னார். பயிற்சியின்போது அவருக்குச் சளி பிடித்து ஒரு காது அடைத்திருக்கிறது. பறக்க விடமாட்டார்களோ என்று மறைத்திருக்கிறார். காலையில் பாடம் நடக்கும்போது அவர் அடிக்கடி எச்சில் விழுங்குவதை நீ பார்த்துவிட்டாய். எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, "எனக்கு உடம்பு சரியில்லை" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறாய். மூன்று நாள் ஹெலிகாப்டர் பக்கமே விடவில்லை.

"அன்னிக்கு அவமானமா இருந்தது மேடம். சார் சொன்னார், 'உடம்பை மறைக்கிறவன் பக்கத்து சீட்ல இருக்கிறவனை ஏமாத்துறான்'னு. அதை இன்னிக்கு என் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட நான் சொல்றேன்."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெரிஞ்சிருந்தா அவர் சும்மா இருந்திருப்பாரா தம்பி? அவருக்கே தெரியலையே" என்று என்னைப் பார்த்தார். வந்தவர்கள் எல்லோரிடமும் அதையேதான் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி அந்த நாட்களைத் தள்ளினார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், மேம்பாலப் படியோரம் பூ விற்கும் அஞ்சலை அக்கா என்னைக் கூப்பிட்டார். என் முகத்தில் உன் ஜாடை தெரிந்ததாம்.

"நீ அந்த சாரோட தம்பியா? இன்னா மன்சன்பா அவுரு. டெய்லி காத்தால வந்து, பாலத்துல ஏறிகினு எறங்கிகினு இருப்பாரு. பத்து வாட்டி, பன்னெண்டு வாட்டி. 'இன்னா சார், வண்டிய வுட்டுட்டியா'ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். ரெண்டு வாட்டி கம்பியப் புட்ச்சிகினு நெஞ்சுல கைய வச்சிகினு நின்னாரு. 'வூட்ல சொல்லு சார்'னேன். 'கேஸ்மா'ன்னு சொல்லிகினு சிரிச்சாரு."

எங்களிடம் வாக்கிங் போவதாகச் சொல்லிவிட்டு நீ படி ஏறிக்கொண்டிருந்தாய். எதற்கு என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. பூக்காரம்மாவுக்குத் தெரிந்தது எங்களில் ஒருவருக்குத் தெரியவில்லையே என்று மட்டும் உறுத்தியது.

அடுத்த வாரம் சர்க்கரை பார்க்கக் கிளினிக்குக்குப் போனேன். கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் என் பெயரைக் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டாள். "சார், நீங்களா! எத்தனை தடவை போன் போட்டோம், லைனே போகல. அப்படியே விட்டுட்டுப் போயிட்டீங்களே சார்!"

ஃபைலை எடுத்து நீட்டினாள். என் பெயர். என் வயது. என் போன் நம்பர். தேதி, செங்கல்பட்டில் சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன் என்று நீ கிளம்பிய நாள். ட்ரெட்மில்லில் ஓட்டம் ஏழு நிமிடம், பிறகு வலி என்று நிறுத்தம். ஓடுவதற்கு முன் வாங்கும் சம்மதப் படிவத்தில் என் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தாய். 'கோ'வின் கொம்பை அப்படிச் சுழித்து எழுதுகிற ஆள் நம் குடும்பத்தில் நீ ஒருவன்தான்.

டாக்டர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உங்களோடது இல்ல. அன்னிக்கு நான் வெளியூர்ல இருந்தேன். உக்காருங்க, டாக்டர் போன்ல பேசுவார்னு டெக்னீஷியன் சொல்லியிருக்கார், இவர் நிக்காமப் போயிட்டார். யார் சார் இவர்? இப்ப எங்க இருக்கார்?"

நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய்?

பஸ்ஸில் திரும்பும்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. உன் பெயரில் பரிசோதனை செய்தால், கம்பெனியின் மருத்துவப் படிவத்தில் 'இதயப் பரிசோதனை செய்ததுண்டா' என்ற கேள்விக்கு ஆமாம் என்று எழுத வேண்டும். உன் பெயருக்கு நேராகப் பொய் எழுத உனக்குக் கை வராது. அதனால் காரில் கிடந்த என் மஞ்சள் அட்டையை நீட்டி, என் பெயருக்கு நேராக எழுதினாய். பிறகு படி ஏறி ஏறி நெஞ்சைப் பழக்கிவிடலாம், பரிசோதனை அன்றைக்கு அந்த ஏழு நிமிடத்தைத் தாண்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறாய். இவ்வளவு படித்தவனுக்கு இப்படி ஒரு புத்தியா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீ உன் நெஞ்சுவலியை என் சர்க்கரை ஃபைலில் மறைத்தாய்.

அதைக்கூட மன்னித்துவிடுவேன். ஆனால் அன்றைக்கு உன் கூடத்தில் உட்கார்ந்து, உன் உயிர் சம்பந்தப்பட்ட சேதியை நான் ஜோக்காகச் சொல்ல விட்டாயே, அதை எப்படி மன்னிப்பது? உனக்கு வந்த எச்சரிக்கையை உன்னிடம் கொண்டுவந்தவன் நான். என் போனை வாங்கி, என் வாயையும் சேர்த்து மூடினாய். அவர்கள் மறுபடி மறுபடி கூப்பிட்டபோது அது என் சட்டைப்பையில் சும்மா கிடந்தது. ஊருக்குத்தான் உபதேசமா அண்ணா? அந்தப் பக்கத்து சீட்டில் நான் இல்லையா?

ஃபைலை ஒரு வாரம் டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். தொழிற்சாலையில் விரிசல் விட்ட பாகம் ஒன்று கையில் வந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டி அந்த நிமிடமே தனியே வைத்துவிடுவேன். இதை எங்கே வைப்பது? ஞாயிற்றுக்கிழமை உன் பிள்ளைகள் சேலையூரில் நினைவுக் கூட்டம் வைத்திருந்தார்கள். நான் பேச வேண்டுமாம். உன் நேர்மையைப் பற்றி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

"எத்தனை நிமிஷம் ஓடினார்?"

"ஏழு, அண்ணி."

"அன்னிக்கு வந்து இன்னும் ரெண்டு தோசை போடச் சொன்னார். என் மூஞ்சியைப் பார்த்துச் சாப்பிட்டார்." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் உன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது அழுத முகம் இல்லை. "ஞாயித்துக்கிழமை இதையும் சொல்லிடுங்க தம்பி" என்றார்.

"அண்ணாவோட பேரு..."

"அந்தப் பேரை அவரே எழுதலையே" என்றார்.

சொன்னேன் அண்ணா. உன் படத்துக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் வாசலில் பிரபு என்னை நிறுத்தினார். முகம் சிவந்திருந்தது. "இதை நீங்க சொல்லியிருக்க வேண்டாம் சார். எங்களுக்கு மிச்சமிருந்தது அவர் ஒருத்தர்தான்."

பின்னால் நின்ற அண்ணிதான் பேசினார். "நான்தான் சொல்லச் சொன்னேன் தம்பி. அவர் போயிட்டார். நீங்கல்லாம் இன்னும் பறக்கிறீங்க."

பிரபு எங்கள் இருவருக்கும் கை கூப்பிவிட்டுப் போனார். உன்னைப்போல் அவரும் யாரிடமாவது எதையாவது மறைக்கிறாரா, தெரியவில்லை.

மற்ற சேதிகள்: அந்தக் கம்பெனியில் உன் இடத்துக்கு வேறொருவர் சேர்ந்துவிட்டாராம். அஞ்சலை அக்கா உன் படத்துக்கென்று தினமும் ஒரு முழம் பூ தருகிறார், காசு வாங்க மறுக்கிறார். அண்ணி உன் பறக்கும் உடுப்பைத் துவைத்து மடித்து வைத்தார், மறுநாள் கலைத்துத் தரையில் எறிந்தார், அதற்கு மறுநாள் மறுபடி துவைத்தார்.

டாக்டர் என்னையும் ட்ரெட்மில்லில் ஏறச் சொல்லியிருக்கிறார். ஒரே ரத்தம், பார்த்துவிடுவது நல்லது என்கிறார். பயமாகத்தான் இருக்கிறது. அந்த நம்பரின் பிளாக்கை எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை போகிறேன். முதலில் அந்த ஏழு நிமிடத்தை உன் பெயருக்கு மாற்றி எழுத வைப்பேன். அப்புறம் என் பெயரில், என் கையெழுத்தில் ஓடுவேன். என்ன வந்தாலும் அன்றைக்கே அண்ணியிடம் சொல்வேன். இது சத்தியம்.

ஒன்று மட்டும் ஆறவில்லை. ஹெலிகாப்டருக்குத்தான் ரூல்ஸ் தடுத்தது. கிளினிக்குக்கு என்ன தடை அண்ணா?

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கக்கூடிய உன் தம்பி,
கோபி