பத்துக்கு ஏழு

மார்ச் 3, செவ்வாய்

இருபத்திரண்டு சுயசிந்தனை நோட்டுகளைத் திருத்தி முடித்தேன். எம்.எஸ்ஸி. நர்சிங் பிள்ளைகள் வார்டில் நடந்ததை எழுதி, அதிலிருந்து என்ன கற்றோம் என்று யோசிக்க வேண்டுமாம். பாடத்திட்டம் சொல்கிறது. எல்லாருக்கும் ஒரே பாடம்தான்: "இச்சம்பவம் என் கண்களைத் திறந்தது." வாரம் தவறாமல் இருபத்திரண்டு பேருக்கும் கண் திறக்கிறது. பத்துக்கு ஏழு போட்டுத் தள்ளினேன். எட்டு போட்டால் நான் படித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மதியம், டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளோடு கூட்டு வகுப்பு. பதினாலு பேர் வர வேண்டியது, இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் தூங்கினான். அவனை யாரும் எழுப்பிவிடாமல் மற்றவன் பார்த்துக்கொண்டான். கூட்டுப் பணியை அவ்வளவு தூரமாவது கற்றிருக்கிறார்கள்.

மார்ச் 6, வெள்ளி

போன வாரம் ஐ.சி.யூ.வுக்குப் போன தையல்காரர் கண் விழித்துவிட்டார். ஆனால் மகனை அடையாளம் தெரியவில்லை. மகன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான். ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் இருந்தவருக்கு இன்சுலின் போட்டு, சர்க்கரை அடியோடு இறங்கி மூளையைத் தாக்கிவிட்டது.

போட்டது தந்தி. வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டுகிறவள் மாதிரிப் பேசுவாள். ஐந்து வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு மேல்படிப்புக்கு வந்தவள். அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டி நான்தான்.

"டாக்டர் சார்கிட்ட சொன்னேன்" என்றாள் பிரின்சிபாலிடம். ஜூனியர் டாக்டரோ, தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சாட்சி யாரும் இல்லை.

வெளியே வந்ததும் என்னிடம், "என் நோட்டு வேணும் மேடம்" என்றாள். அதில் எழுதியிருக்கிறாளாம். எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு என் அறைக்கு வந்து அலமாரியைத் திறந்தேன்.

எழுதியிருக்கிறாள். அன்றைய தேதி, நேரம் எல்லாம் போட்டு. "சர்க்கரை 82. நோயாளி சாப்பிடவில்லை. டாக்டரிடம் சொன்னேன். எழுதியதைச் செய், உன்னிடம் யோசனை கேட்கவில்லை என்றார். மேடமிடமும் சொன்னேன். ஆர்டர் இருக்கிறதல்லவா, கொடுத்துவிடு என்றார்."

மேடம் என்றால் நான். பிரின்சிபால் முன்னால் அவள் இதைச் சொல்லவே இல்லை.

அதற்குக் கீழே சிவப்பு மையில் என் கையெழுத்து: "அடுத்த முறை மூத்தவர்களிடம் உடனே தெரிவிக்கவும். 7/10."

மார்ச் 7, சனி

எனக்கு எப்படி நினைவில்லாமல் போனது? அன்று கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் குழு வரப்போகிறது என்று மேசை முழுக்க ஃபைல். யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். தலையைத் தூக்காமலே ஏதோ சொன்னேன்— சொன்னேனா? சொல்லியிருப்பேன். இருபத்தாறு வருடமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

மறுபடியும் கேட்டாள். "இன்னும் திருத்தலம்மா" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். "சரி மேடம்."

மார்ச் 10

இன்றும் கொடுக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். "ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்கு உனக்கு. வாயை மூடிக்கிட்டு இரு. அந்தப் பொண்ணுக்கு வயசு இருக்கு, எங்கேயாவது பொழைச்சுக்கும்" என்றாள். அவள் அப்படித்தான் சொல்வாள் என்று தெரிந்துதானே அவளைக் கூப்பிட்டேன்.

இன்றைய பாடம், தவறைக் கண்டால் குரல் கொடுப்பது எப்படி. முப்பத்தொரு ஸ்லைடு. தந்தி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தாள். எதை எடுத்தாளோ.

மார்ச் 17, செவ்வாய்

விசாரணை. நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம், அவள் நின்றாள். ஜூனியர் டாக்டருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். முடிவு முன்பே டைப் அடித்து இருந்தது: மேல் நிலையில் தெரிவிக்காமல் மருந்து கொடுத்த குற்றம், படிப்பிலிருந்து நீக்கம்.

"வழிகாட்டி ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் பிரின்சிபால்.

"நல்ல பொண்ணு சார்" என்றேன்.

சீ. நல்ல பொண்ணாம். இதைச் சொல்வதற்குத்தான் எனக்கு வாய்.

மார்ச் 20, வெள்ளி

அவள் அம்மா வந்திருந்தார். இரண்டு பை, ஒரு சுருட்டிய படுக்கை. ஹாஸ்டல் வாசலில் இருவரும் ஆட்டோவுக்காக நின்றார்கள். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து வருகைப் பதிவேட்டை எடுத்தேன். அவள் பெயருக்கு நேரே கோடு போடச் சொல்லியிருந்தார்கள். போட்டேன். அதையும் நான்தான் போட வேண்டியிருந்தது.

மார்ச் 27, வெள்ளி

நோட்டைப் பிரின்சிபால் மேசையில் வைத்தேன். துணிச்சல் எல்லாம் இல்லை. ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு முறை படித்தார். "எல்லாம் அடங்கின நேரத்துல இதை ஏன் கொண்டு வர்றீங்க?"

"அப்ப பயமா இருந்துச்சு சார்."

"இப்ப?"

"இப்பவும்தான்."

ஏப்ரல் 8, புதன்

உத்தரவு வந்துவிட்டது. தந்தியைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஜூனியர் டாக்டருக்கு அறிவுரை. எனக்கு மெமோ, இனி வார்டுப் பக்கம் போகக்கூடாது. நடந்ததற்குக் காரணம் "தகவல் பரிமாற்றக் குறைபாடு" என்று எழுதியிருக்கிறார்கள். ஆள் யாரும் இல்லை, குறைபாடு மட்டும் தானாக நடந்து வந்து ஊசி போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இன்னொன்று: இனிமேல் சுயசிந்தனை நோட்டுகள் வாராவாரம் அலுவலகத்தின் பார்வைக்குப் போக வேண்டும். இனி எந்தப் பிள்ளை எதை எழுதும்?

ஏப்ரல் 15, புதன்

தந்தி வந்தாள். இளைத்திருந்தாள். கையில் ஒரு படிவம், வழிகாட்டியை மாற்றக் கோரும் விண்ணப்பம். என் சம்மதம் வேண்டும்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என் நோட்டை எப்ப படிச்சீங்க மேடம்?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "நீ கேட்ட அன்னைக்கே. ஆறாம் தேதி."

மனதுக்குள் கணக்குப் போட்டாள். "மூணு வாரம்."

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசினாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"வீட்டுல அம்மா தினமும் கேட்டாங்க மேடம். நீ நிஜமாவே சொன்னியாடின்னு. சொன்னேன்மான்னு சொல்லிச் சொல்லி, கடைசில எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

கையெழுத்துப் போட்டேன். புதிய வழிகாட்டியின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. யார் பெயரை எழுதுவது என்று கேட்டேன்.

"யாரா இருந்தாலும் பரவாயில்லை மேடம்" என்றாள்.