உன் சிரிப்பைப் பார்த்தவர்கள்

என் பூவாயிக்கு,

காய்ச்சல் என்று படுத்தவள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். உன்னிடம் முதலில் சண்டைதான் போட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

மிளகு பழுத்துவிட்டது. இந்தத் தடவை மழை ஏமாற்றவில்லை. நம் நிவேதா எட்டாவது போகிறாள். அவள் பாடத்துக்காக வாங்கிய போனில் நீ ஆரம்பித்தாயே ஒரு சேனல், அதுவும் அப்படியே இருக்கிறது. திண்ணனூர் நாட்டு ஊர்களுக்குப் போகிற மலை ரோட்டு வளைவில் சிக்னல் கிடைக்கும் இல்லையா, அங்கே போய் உட்கார்ந்து உன் வீடியோக்களைப் பார்க்கிறேன். நீ இருந்தபோது ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. ஆளே பக்கத்தில் இருக்கும்போது போனில் எதற்குப் பார்ப்பது?

இப்போது பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. மிளகு பறிக்கிற வீடியோவில் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, போனைப் பார்த்து என்னமாய்ச் சிரிக்கிறாய்! நான் ஏணிமேல் நிற்கிறேன், கால் மட்டும் தெரிகிறது. எத்தனை மிளகுப் பறிப்புக்கு நாம் சேர்ந்து போயிருப்போம்? மேலேயிருந்து நான் பார்த்ததெல்லாம் உன் உச்சந்தலைதான். முகத்தைப் பார்த்தவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். என்னிடம் எப்போது இப்படி வாய்விட்டுச் சிரித்தாய்? யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை.

அவர்கள் எனக்குப் பேர்கூட வைத்திருக்கிறார்கள். 'அக்கா, கால் அண்ணன் சாப்பிட்டாரா?' என்று கேட்டிருக்கிறார்கள். உன்னைக் கட்டிக்கொண்டவனுக்கு அந்தக் கூட்டத்தில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு அம்மா எழுதியிருந்தார்: 'அக்கா, ரொம்ப நாளாக் காணோமே, நல்லா இருக்கீங்களா?' அதற்குக் கீழே உன் பேரில் பதில்: 'நல்லா இருக்கேனுங்க. காட்டுல வேலைங்க. சீக்கிரம் வாரேன்.'

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். யாரோ ஒருத்திக்குச் சீக்கிரம் வருகிறேன் என்கிறாய், எனக்கு ஒரு வார்த்தை கிடையாதா? செத்தவள் எப்படி எழுதுவாள் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

போனை வைத்திருப்பவள் நம் பெண்தானே, எழுதியது அவள்தான். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"அம்மா பேர்ல எதுக்குக் கண்ணு எழுதற?"

குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "அவங்களுக்குத் தெரியாதில்லீங்கப்பா. அவங்களுக்கு அம்மா நம்ம ஊட்லதான் இருக்கறாங்க. அங்கயாச்சும் இருந்துட்டுப் போகட்டும்."

"அது பொய்யில்லையா சாமி?"

"எழுதறப்ப பொய்யாத் தெரியறதில்லீங்க."

அவர்களுக்கு நீ வேலையாக இருக்கிறாய், அவ்வளவுதான். அப்படித் தெரியாமல் இருக்கிற சுகம் ஒரே ஒரு நாள் எனக்குக் கிடைக்கக் கூடாதா? அவர்கள்மேலும் பொறாமை, உன் பேரில் எழுதி உன்னை உயிரோடு வைத்திருக்கிற இவள்மேலும் பொறாமை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் போனைத் தூக்கிக்கொண்டு அந்த வளைவுக்குத்தான் ஓடுகிறாள். நாளெல்லாம் நீயாகவே இருந்தால், நிவேதாவாக எப்போது இருப்பாள்? அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

"சொல்லிரலாம் கண்ணு. நானே சொல்றேன், நீ போனைப் புடி" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே வந்து, "சரி, வாங்க" என்றாள்.

மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் தரையில் நின்றேன். எதிரே அவள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, பின்னாலேயே நகர்ந்து போய் மரத்தில் முட்டிக்கொண்டாள். தப்பு செய்தது நான் என்பதுபோல, "ஆடாதீங்கப்பா!" என்று என்னை ஒரு அதட்டல் வேறு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அப்போதுதான் விளங்கியது பூவாயி. நீ சென்னையைப் பார்த்தும் சிரிக்கவில்லை, சிங்கப்பூரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. அப்போதும் வீடியோ எடுத்தவள் இவள்தானே; போனுக்குப் பின்னால் நின்ற இவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய்.

சிரித்த வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டேன், நீ இல்லை என்று. அழுதாளே தவிர, கையை இறக்கவில்லை. இரண்டு பேரும் வளைவுக்கு நடந்துபோய் வீடியோவைப் போட்டோம்.

எல்லோரும் அழுகிறார்கள். கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்த மாதிரி இருக்கிறதாம் ஒருத்திக்கு. உனக்காக அழுவதிலும் பங்குக்கு வந்துவிட்டார்களே என்று அதற்கும் ஆத்திரம் வருகிறது. என் குணம் உனக்குத் தெரியாதா? நிவேதாதான் பதில் எழுதுகிறாள். 'நான் அவங்க மகளுங்க' என்று ஆரம்பிக்கிறாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி அவளுக்கு எதிரே நிற்கப் போகிறவன் நான். அவள் கோபிப்பதை, கோணங்கித்தனம் செய்வதை, வளர்ந்து என் தோளுக்கு வருவதை, ஒன்றுவிடாமல் பார்ப்பேன். உன் பங்கையும் சேர்த்து நானே பார்த்துக்கொள்வேன். இனிப் பொறாமைப்படுவது உன் முறை.

உன் மாமன்,
நிவேதாவின் அப்பன்.