ஐயாத்துரையின் மகள் கேட்ட பாடம்

திங்கள், யூன் 5
விடியலிலிருந்து மழை. கடற்கரை ரயில் பிந்தியது. குடைக்கம்பி ஒன்று முறிவு, திருத்த வேண்டும்.

“சேர், அமெரிக்காவில ரப்பர் வாங்காட்டி, தெமட்டகொட ரயில் யார்டில எங்கட மாமாவுக்கு ஏன் வேலை போகுது?” கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்குப் படிப்பித்த காலத்தில் நடராசன் எழுந்து நின்று கேட்டது. என் பதில்: “சோதனையில வராது. இரு.”

இன்று நினைவு வரக் காரணம், அவன் தகப்பன், சுருட்டுக்கடை ஐயாத்துரையின் கடிதம். மகள் பரமேசுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம். தகப்பன் கேட்பது தாவரவியல், அதுவழியே டாக்குத்தர் ஆகலாம் என்று. மகள் கேட்பது பொருளாதாரம். புதன்கிழமை படிவத்தோடு வருகிறார். “மாஸ்டர் எழுதுறதுதான் முடிவு.”

கொட்டாஞ்சேனை வீடுகளில் வழக்கமே அது. பாடம் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டு என்னிடம் நீட்டுவார்கள். நடராசனின் படிவமும் அப்படித்தான் வந்தது. அவனும் பொருளாதாரம்தான் கேட்டான். கையெழுத்து அழகு, வழக்கறிஞனாவான், சட்டத்துக்கு லத்தீன் வேண்டும் என்று நான் லத்தீன் எழுதினேன். இரண்டு தரம் லத்தீனில் விழுந்தான். இப்போது ஒரு கந்தோரில் கோப்பு எழுதும் கிளாக்.

செவ்வாய், யூன் 6
மழை விட்டது. புழுக்கம். சீனி தீர்ந்தது.

மாலை நடராசன் தங்கையைக் கூட்டி வந்தான். கதிரையில் இருக்கச் சொன்னேன். அவன் இருக்கவில்லை.

பொருளாதாரம் ஏன் என்று பரமேசிடம் கேட்டேன். வங்கி வேலை, தமையனின் ஆசை, இப்படி ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன்.

“சேர், சங்கக்கடையில கூப்பனுக்கு எல்லாருக்கும் ஒரே அளவுதானே அரிசியும் மாவும். எங்கட ஒழுங்கையில ரொட்டி சாப்பிடுற வீடும் இருக்கு, சோறில்லாட்டி அழுகிற வீடும் இருக்கு. வாசலில நிண்டு மாத்துவினம். காலமை ஒரு கொத்து அரிசிக்கு ரெண்டு கொத்து மா. சங்கக்கடைக்கு அரிசி லொறி வருதெண்டு கதை வந்தா, பத்து மணிக்கு ஒண்டரைக் கொத்து. எல்லா வாசலிலும் அதே ஒண்டரை. ஆரும் பறையடிக்கேல்லை. ஆர் சேர் தீர்மானிக்கிறது?”

“இவளுக்கு விசர் சேர். மாவை வாங்கி வரச் சொன்னா, விலை விசாரிச்சுக்கொண்டு நிப்பாள்,” என்றான் தமையன். சிரித்தான். முகத்தில் பெருமை.

விடை எனக்குத் தெரியாது. “நல்ல கேள்வி” என்றேன். தெரியாது என்று சொல்லவில்லை.

புதன், யூன் 7
ஐயாத்துரை வந்தார். ஒரு கட்டுச் சுருட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம்.

“யாவாரம் படிக்கப் பள்ளிக்கூடம் ஏன் மாஸ்டர்? எனக்கு ஆர் படிப்பிச்சது?” பிறகு குரல் தாழ்ந்தது. “மூத்தவனுக்கும் நீங்கள் நல்ல வழிதான் காட்டினீங்கள். அவன் கவனமாப் படிக்காததுக்கு நீங்கள் என்ன செய்யிறது?”

அங்கேதான் மறித்திருக்க வேண்டும். அவன் கவனமாகத்தான் படித்தான். பிழையான பாடத்தை எழுதியவன் நான். மகளுக்குப் பொருளாதாரம் என்று எழுதினால், மகனும் அதையே கேட்டதைச் சொல்ல வேண்டிவரும். படிவத்தை நீட்டினார். தாவரவியல் என்று எழுதிக் கொடுத்தேன்.

வியாழன், யூன் 8
நித்திரை இல்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: “இஞ்சருங்கோ, மற்றப் பிள்ளையளின்ர பிழையளுக்கெல்லாம் சிவப்பு மையால கோடு போட்டனீங்கள். உங்கட பிழைக்கு மட்டும் மை முடிஞ்சு போச்சோ?”

நாளை கொட்டாஞ்சேனை.

வெள்ளி, யூன் 9
பஸ்ஸில் நெரிசல். கடையில் ஐயாத்துரை தனியே. இருத்தி வைத்துச் சொன்னேன். நடராசன் கேட்டது இது, நான் எழுதியது அது, பிழை என்னுடையது. நேற்று முன்தினம் எழுதியதும் பிழை. விண்ணப்பம் முடிவது இன்று மாலை, அதுவரை மாற்றலாம்.

அவர் சுருட்டுக் கட்டொன்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

“படிவம் நேற்றே குடுத்தாச்சு. மாத்தலாம்தான். ஆனா கொட்டாஞ்சேனை முழுக்க மாஸ்டர் எழுதித் தந்ததெண்டு சொல்லிப்போட்டன். இப்ப மாத்தினா உங்களைத்தானே சிரிப்பினம். அது வேண்டாம்.”

“சிரிக்கட்டும் ஐயாத்துரை.”

“நீங்கள் சொல்லுவீங்கள். நான் விடமாட்டன்.” எனக்குத் தேத்தண்ணி எடுப்பித்தார். என் மரியாதையைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அவருக்கு. மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் கையைப் பிடித்துக்கொண்டு மறுத்தார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. எல்லாம் கேட்டிருந்த பரமேசு படலைவரை வந்தாள். “பரவாயில்லை சேர். இலை, வேர் எல்லாம் படிக்கிறன்.”

“அண்டைக்கு நீ கேட்டதுக்கு விடை எனக்குத் தெரியாது, பிள்ளை.”

“தெரியும் சேர், உங்களுக்குத் தெரியாதெண்டு.” அப்போதுதான் அவள் கண் கலங்கியது.

சனி, யூன் 10
வெயில். குடை திருத்தவில்லை.

ஒரு பிள்ளை படிவத்தோடு வந்தால் பேனாவை எடுக்காதே. “உனக்கு விளங்காத ஒன்றைச் சொல்” என்று கேள். பிள்ளை சொல்லும் பாடத்தை, அதன் கையாலேயே எழுதவிடு.