மண் தொடாத தோட்டம்

இன்று காலை மாடிக் கதவைத் திறந்ததுமே அந்த வாடை வந்தது. நீராகாரத்தை மறந்து வைத்துவிட்டதுபோல ஒரு புளிப்பு. செடிகளுக்கான தண்ணீர்த் தொட்டியில் மீட்டரை விட்டுப் பார்த்தேன். ஆறையொட்டி நிற்க வேண்டிய பிஎச், தண்ணீர் புளிக்கப் புளிக்க இறங்கும் அந்த எண், ஐந்துக்கும் கீழே போயிருந்தது. உடனே உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த வாய்க்கு இன்னும் அது தெரியவில்லை.

நீ தொட்டியத்துக்காரி. வாழைத் தோப்புக்குள் வளர்ந்தவள். கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்த பிறகு, உனக்கென்று இருந்த மண் நம் மொட்டைமாடிப் பூந்தொட்டிகளில்தான். புற்றுநோய்க்குக் கீமோ ஆரம்பித்தபோது டாக்டர் அதையும் விலக்கிவிட்டார். "ரத்தத்துல வெள்ளை அணு ரொம்பக் குறைஞ்சிருக்கும்மா. மண்ணுல கையே வைக்கக் கூடாது. சின்னக் கிருமி வந்தாலும் உடம்பு தாங்காது." முடி கொட்டியபோதுகூட நீ அழவில்லை. அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரும்வரை அழுதாய்.

அதற்குப் பிறகுதான் நம் கடையில் மிச்சமிருந்த பிவிசி குழாய்களை மாடிக்குக் கொண்டுவந்தேன். குழாய் விற்கிறவனுக்கு வேறென்ன தெரியும்? ஓட்டை போட்டு, சரிவாக அடுக்கி, சின்ன மோட்டார் வைத்து, ஒரு தொட்டியில் உரம் கரைத்த தண்ணீரைக் குழாய்களில் சுற்றவிட்டேன். மண்ணே கிடையாது, வேர்கள் தண்ணீரில் தொங்கும்.

"செடிக்கும் ட்ரிப்ஸ் ஏத்துறீங்களா?" என்று சிரித்தாய். ஆனால் சீக்கிரமே அது உன் தோட்டமாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, கையுறை போட்ட கையால் ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்ப்பாய். பச்சையாக எதையும் தின்னக் கூடாது என்று உனக்குப் பத்தியம். அதனால் லெட்டூஸும் புதினாவும் பக்கத்து வீடுகளுக்குப் போயின.

சித்திரை வெயிலில் நீ ஆஸ்பத்திரியில் இருந்த சமயம் பிஎச் இறங்க ஆரம்பித்தது. அதை ஏற்றுகிற மருந்தைக் காலையில் ஊற்றினால் சரியாகும். மறுநாள் மறுபடி இறங்கிவிடும். இலைகள் வெளுத்தன. நீ வரும்போது மாடி வெறுமையாக இருக்கக் கூடாதே என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன். வந்த அன்றே, உட்கார்ந்து உட்கார்ந்து படியேறி வந்தாய்.

"ஊத்தி ஊத்தி நம்பரை ஏத்திட்டா ஆச்சா? ஏன் இறங்குதுன்னு பாத்தீங்களா? ஒரு செடியைத் தூக்குங்க."

தூக்கினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர், பழுப்பாகிக் கூழாக வந்தது.

"தொட்டித் தண்ணி வெந்நி மாதிரி இருக்கும், தொட்டுப் பாருங்க. சூடு தாங்காம வேர் அழுகுது. அதான் தண்ணி புளிச்சுக்கிட்டே இருக்கு."

அழுகியதையெல்லாம் பிடுங்கினேன். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஈரச் சாக்கைச் சுற்றி, மேலே நிழல்வலை கட்டினேன். புதுத் தண்ணீரில் புது நாற்று வைத்தோம். எண் அசையாமல் நின்றது. இன்று காலையும் மருந்தைத் தொடாமல் வேரைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு குழாய் மட்டும் அடைத்துக்கொண்டு, அதிலிருந்த செடிகள் அழுகியிருந்தன. எடுத்துப் போட்டுவிட்டேன்.

அன்று நாம் வைத்த புது நாற்று இலை விரித்துக்கொண்டிருந்தபோதுதான் டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இனிமே பத்தியமெல்லாம் வேண்டாம். அவங்களுக்குப் பிடிச்சதைச் செய்யட்டும்."

"அப்போ மண்ணைத் தொடலாமா டாக்டர்?" என்று கேட்டாய். அவர் தலையாட்டினார். அந்த அனுமதிக்கு என்ன அர்த்தம் என்று நம் இருவருக்குமே புரிந்தது.

மறுநாளே கார் பிடித்துத் தொட்டியம் போனோம். உன் அண்ணன் அப்போதுதான் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்தார். ஈர வரப்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை புதைத்துக்கொண்டாய். அண்ணி கை கழுவச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தபோது, "இருக்கட்டும் அண்ணி, கொஞ்ச நேரம்" என்றாய்.

திரும்பும் வழியில், குணசீலம் தாண்டியதும், என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியபடி சொன்னாய்: "மாடிச் செடியை விட்டுடாதீங்க. நான் இல்லேன்னா வீட்டுல உங்களுக்குப் பேச ஆள் வேணும்ல? அதுங்ககிட்ட பேசுங்க."

செடிகளை விடவில்லை. ஆனால் அவற்றிடம் பேச எனக்கு வரவில்லை. தினமும் மாடியில் நின்று உன்னிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். நான் செடிகளோடு பேசுவதாகக் கீழ் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.