காலிப் பட்டியலில் ஒருவர்

மார்ச் 3

அண்ணி நர்ஸாக இருக்கும் வார்டில் நான் எழுதிய ப்ரோக்ராம்தான் ஓடுகிறது. யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று தாள் அடித்துத் தரும். இன்று போன் செய்தார். “போன வாரம் செத்துப்போனாரே, பதினோராம் பெட் பெரியவர், அவரோட பெனிசிலின் அலர்ஜி புதுசா வர்றவங்க தாள்ல எல்லாம் வருது. உள்ள பேய் கீய் புகுந்துடுச்சா?”

சிரித்தேன். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். தாளிலிருந்து பெரியவர் போய்விட்டார். சரிபண்ணிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 4

எதைச் சரிபண்ணினேன்?

மார்ச் 5

தலைக்கு மேல் வேலை. பார்க்கவில்லை.

மார்ச் 12

அண்ணி மறுபடி போன் செய்தார். ஒன்பது வயதுச் சிறுமி. அவளுக்கு முன்னால் சேர்ந்த யாருக்கோ பெனிசிலின் ஆகாதாம். அது இவள் தாளில் வந்திருக்கிறது. டாக்டர் தாளை நம்பி, பெனிசிலினுக்குப் பதில் காதைப் பாதிக்கக்கூடிய வேறு ஊசி போட்டிருக்கிறார். ஐந்து நாள் ஊசியில் காது மந்தமாகிவிட்டது. “எம் பொண்ணுக்கு எந்த அலர்ஜியும் இல்லைன்னு அன்னைக்கே சொன்னேனே!” என்று அவள் அம்மா அழுகிறாராம். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

மார்ச் 13

அகப்பட்டது. என் கைப்பட எழுதிய வரி. பட்டியல் எதுவும் தராவிட்டால் =[], அதாவது காலிப் பட்டியல். ஆளுக்கொரு புதுப் பட்டியல் என்றுதான் நினைத்திருந்தேன். ப்ரோக்ராம் எழுதிய பைத்தான் மொழி அதை ஒரே ஒரு தடவை, ஓடத் தொடங்கி அந்த வரியைப் படிக்கும்போதே செய்து வைத்துக்கொள்கிறது. பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் கழுவாத அதே தட்டு. அன்று சர்வரை நிறுத்தி ஓடவிட்டது அதை ஒரு தடவை கழுவியது, அவ்வளவுதான். ஒரே ஒரு ஆளை வைத்துச் சோதித்தேன் — முதல் ஆளுக்கு எப்போதும் சரியாகத்தான் வரும்.

=None, அதாவது ‘எதுவுமில்லை’ என்று மாற்றி, உள்ளே ஒவ்வொருவருக்கும் புதுப் பட்டியல் உண்டாக்கினேன். ரெண்டு வரி. ரெண்டே ரெண்டு வரிடி!

மார்ச் 14

எங்கள் கம்பெனி மேனேஜர் சொல்கிறார்: “சர்வர் கோளாறுன்னு எழுதிடலாம். யாரும் கேக்கப் போறதில்ல.”

கேட்க முடியாமல் போனது யாருக்கு?

மார்ச் 16

பெரியவரின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் எந்த வெள்ளைத் தாளை எடுத்தாலும் முதல் வரியில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவர்தான் முதலில் வந்து சொன்னார் என்று தோன்றுகிறது. நான்தான் துரத்திவிட்டேன்.

மார்ச் 18

வார்டுக்குப் போனேன். சிறுமியைத் தோளில் தொட்டுத்தான் கூப்பிடுகிறார் அம்மா. “தாள்ல வந்த தப்பு என்னோடதுங்க. வார்டுல முன்னாடியே சொன்னாங்க, நான் பார்க்கலை” என்றேன். என்னையே பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி அவள் தலையை வாரத் தொடங்கினார்.

பஸ்ஸில் வரும்போது, மன்னித்திருப்பார் என்று மனது சொல்லிப் பார்த்தது. இல்லை. அவர் தராததை நானாகப் போட்டு நிரப்பக் கூடாது. அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.